கந்தம்மாள் குத்திக்கொண்ட அலகு

பேத்துப்பாறைக்குப் போய்க் கந்தம்மாள் வீடு எது என்று கேட்டால், "எந்தக் கந்தம்மா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பழனிமலையை மேலேயிருந்து குனிந்து கும்பிடுகிற ஊர் அது. தெருவுக்கு ஒரு கந்தம்மாள் இருப்பாள். "முருகன்கிட்ட மல்லுக்கு நின்ன கந்தம்மா" என்று சொன்னால் போதும், சாணி மெழுகிக்கொண்டிருப்பவள்கூடக் கையைக் கழுவாமல் எழுந்து வந்து வீட்டைக் காட்டிவிட்டுப் போவாள்.

மல்லுக்கு நின்றாள் என்பது முழுப் பொய்யும் இல்லை, முழு நிசமும் இல்லை. அவரவர் ஒரு மாதிரி சொல்லட்டும். நடந்தது இதுதான்.

கந்தம்மாள் பிறந்தது மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்தில். சின்னக்கருப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு மலை ஏறி வந்தாள். அந்தக் காலத்தில் பழனிக்கும் பேத்துப்பாறைக்கும் கால்நடைப் பாதைதான். அடிவாரத்தில் பேச ஆரம்பித்தவள் ஊர் வந்து சேரும்வரை வாயை மூடவில்லை. "இந்தக் குளிர்ல வாயை மூடினா மறுபடி திறக்காதுன்னு பயமா இருக்கு" என்றாளாம். சின்னக்கருப்பன் அதற்கு நேர் எதிர். ஒரு வார்த்தை பேசினால் ஒரு படி அரிசி குறைந்துபோகும் என்பதுபோல இருப்பான். ஆனால் அவள் பேசுவது முழுவதையும் கேட்பான். கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு சொல் சொல்வான். அவள் சிரித்துப் புரண்டுவிடுவாள். இப்படி ஒரு குடித்தனம்.

மலைவாழைத் தார்களைக் குதிரைமேல் கட்டிப் பழனிக்கு இறக்குவதும், உப்பும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு திரும்புவதும் அவன் தொழில். அந்தப் பாதையில் நடக்கிற எல்லோரையும்போல அவனும் வெற்றிலையோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வான். அடக்கினால் குளிரும் தெரியாது, பசியும் தெரியாது என்று ஒரு நினைப்பு. எழுந்ததிலிருந்து படுக்கிறவரை இடது கன்னம் உப்பியே இருக்கும். "குரங்கு மாதிரி நாளைக்குத் திங்கச் சேத்து வச்சிருக்கீங்களா?" என்று கேலி செய்வாள் கந்தம்மாள். கேலியோடு சரி. புகையிலை போடாத ஆண்பிள்ளை யார் இருந்தான், அவள் தடுப்பதற்கு?

அவர்களுக்கு வடிவு என்று ஒரே மகள். கைக்குழந்தையாக இருக்கும்போது காய்ச்சல் கண்டு, கண் செருகி, இனிப் பிழைக்காது என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். சின்னக்கருப்பன் வெளியே வந்து, கீழே தெரிகிற பழனிமலையைப் பார்த்து, "முருகா, பிள்ளையைக் குடுத்துரு. பன்னெண்டு வருசம் தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டான். பிள்ளை கண்ணைத் திறந்தது. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் இடது கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு நடந்தான். அலகு குத்துகிறவர் அவனுடைய அண்ணன் மலைச்சாமி. அந்த ஊர்க் காவடிக்கூட்டத்துக்கு அவர்தான் பெரியவர். மலையேறிச் சாமி பார்த்த பிறகு வேலை உருவி, அந்த இடத்தில் விபூதியை வைத்து அழுத்தினால் சொட்டு ரத்தம் வராது, மறுநாளே மூடிவிடும். மூடவில்லை என்றால் விரதத்தில் எங்கேயோ குறை என்பார்கள். இதை அங்கே யாரும் சந்தேகப்பட்டதில்லை.

பதினோராவது பூசம் முடிந்த கொஞ்ச நாளில், சின்னக்கருப்பனுக்கு இடது கன்னத்துக்குள்ளே ஒரு புண் வந்தது. ஆறவில்லை.

அவன் என்ன நினைப்பான்? விரதத்தில் குறை வந்துவிட்டது என்று நினைத்தான். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. விபூதியை எடுத்து வாய்க்குள்ளே அப்பினான். வலி எடுத்தபோது புகையிலையைப் புண்ணின் மேலேயே வைத்து அடக்கினான். மரத்துப்போனது. மருந்து கிடைத்துவிட்டது என்று இன்னும் கொஞ்சம் சேர்த்து அடக்கினான்.

கந்தம்மாள் இதைக் கண்டுபிடித்தது சோற்றுத் தட்டில்தான். கொள்ளுத் துவையல் என்றால் தட்டை வழித்து நக்குகிறவன், அதை ஓரமாக ஒதுக்கி வைத்தான். ரசத்தை ஆறவைத்துக் குடித்தான். மிளகாய் கிள்ளிப் போட்ட எதையும் தொடவில்லை. "என் கைப்பக்குவம் கசந்துபோச்சா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "பசியில்ல" என்றான். பசியில்லாதவன் ஏன் கஞ்சியை வலது பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துக் குடிக்கிறான் என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒருநாள், குதிரை கொள்ளைத் தின்னாமல் நின்றது. சின்னக்கருப்பன் அதை வெயிலில் கொண்டுவந்து நிறுத்தி, உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற கந்தம்மாள், "அதை விடுங்க. இப்ப நீங்க திறங்க" என்றாள்.

"நானென்ன குதிரையா?"

"குதிரையா இருந்தா நீங்களே பாத்திருப்பீங்க. திறங்க."

அவன் நகரப் பார்த்தான். அவள் தாடையைப் பிடித்துவிட்டாள். அவள் பிடித்தால் பிடித்ததுதான். வாய் திறந்தது. இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளை பூத்திருந்தது. நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புண், ஓரம் தடித்துச் சிவந்திருந்தது. அதன்மேல் ஈரமான விபூதி.

"எத்தனை நாளா?"

"பூசத்திலேருந்து."

"பூசத்திலேருந்தா! தீவாளி வந்துருச்சே!"

அவள் அழவில்லை. அவன் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை உருவிக்கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். "அது ஒண்ணுதான்டி வலியைக் கொல்லுது" என்று அவன் கத்தினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் கத்தி அவள் கேட்டது அன்றுதான்.

செய்தி மலைச்சாமி காதுக்குப் போனது. அந்த வீட்டில் ஒரு வழக்கம்: தம்பி மனைவி மூத்தவர் முன்னால் நின்று பேசமாட்டாள், கதவுக்குப் பின்னால் இருந்துதான் பதில் சொல்வாள். மலைச்சாமி முற்றத்தில் நின்று, கதவைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "அலகு போன எடம் ஆறலேன்னா ஆக்கிப்போடுற கையில சுத்தம் பத்தலேன்னு அர்த்தம்."

ஊரில் எல்லோருக்கும் பதில் வைத்திருக்கிற கந்தம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன விரதத்தை ஒவ்வொரு நாளாக எடுத்து உதறிப் பார்த்தாள். குளிக்காமல் அடுப்பு மூட்டினேனா? தீட்டு நாளில் அவர் பாத்திரத்தைத் தொட்டேனா? ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் பயம் போய்விடுமா? கூடத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்குப் பூண்டுச் சுமையோடு புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பாவா என்று ஒருவர் கடை வைத்திருந்தார். பலசரக்கு, வெற்றிலை, புகையிலை எல்லாம் அவரிடம்தான். சின்னக்கருப்பனுக்கு இளவட்டத்திலிருந்து சிநேகிதம்.

"பாவாண்ணே, வாய்ப்புண்ணுக்கு என்ன குடுப்பீங்க?"

"யாருக்கு? உனக்கா? உன் வாயில புண்ணு வர நேரம் ஏதும்மா?" என்று சிரித்தார் பாவா. அவள் புருஷனை முன்னால் தள்ளினாள். பாவா அவன் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"எங்க மாமாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார். "தேன் தடவுங்க, படிகாரம் தடவுங்கன்னு நானே கட்டிக்கட்டிக் குடுத்தேன். கடைசியில தண்ணிகூட எறங்கல." சொல்லிவிட்டுக் கடைப்பலகையைச் சாத்த ஆரம்பித்தார். சந்தை நாளில் பாவா கடை சாத்தியதை அன்றுதான் கொடைக்கானல் பார்த்தது. "வாங்க ஆஸ்பத்திரிக்கு. மருந்து பெறகு, மொதல்ல டாக்டரம்மா பாக்கட்டும்."

டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். பேச்சு ஒரு மாதிரி ராகமாக இருக்கும், கை மட்டும் அசையாது. புண்ணைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், துளிச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு ஒருநாள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். சின்னக்கருப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு அலகு குத்திய கதையைச் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அலகு எந்தப் பக்கம்?"

"எடது பக்கங்க."

"புகையிலை எந்தப் பக்கம் அடக்குவீங்க?"

"அதுவும் எடதுதானுங்க."

"அலகு வருஷத்துக்கு ஒரு நாள். புகையிலை?"

அவன் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது.

"இது அலகு போன காயம் இல்லை கேட்டீங்களா. விரதத்துல குறையும் இல்லை. புகையிலை தங்குன இடத்துல வந்த நோய் இது. புற்றுநோய்."

கந்தம்மாள் முந்திக்கொண்டாள். "அப்ப வீட்டுல சுத்தம் பத்தாம வரலீங்களே டாக்டரம்மா? ஆக்கிப்போட்ட கையால வரலீங்களே?"

"இல்லம்மா. உங்க கையில ஒரு தப்பும் இல்லை."

அப்போதுதான் அவள் அழுதாள். பழி போனதற்காக ஒரு அழுகை. அது முடிவதற்குள், மற்ற சொல் என்ன சொல் என்று உறைத்தது. பாவாவின் மாமாவுக்குத் தண்ணீர் இறங்காமல் போன சொல். இரண்டாவது அழுகை வேறு மாதிரி இருந்தது.

டாக்டரம்மா அவள் அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னார். புண் இன்னும் எலும்புக்குப் போகவில்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ரேடியம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை ஊசியாகச் செய்து, புண்ணைச் சுற்றிக் கன்னத்துக்குள்ளேயே குத்தி, சில நாள் விட்டு எடுப்பார்கள். புண் கருகி விழ வாய்ப்பு உண்டு. விழும் என்று சத்தியம் செய்ய முடியாது. எலும்புக்குப் போய்விட்டால் இந்த வாய்ப்பும் இல்லை. ஊசி எல்லோருக்கும் நினைத்த நாளில் கிடைக்காது, வரிசை இருக்கிறது. எழுதிக் கேட்டு ஓர் இடம் வாங்கியிருக்கிறேன், விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது.

அவர் சொன்ன நாள் தைப்பூசத்துக்கு முந்தின வாரம்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே சின்னக்கருப்பன் நின்றுவிட்டான். "பூசம் முடிஞ்சு போறேன்."

"டாக்டரம்மா சொன்னது காதுல விழல?"

"வலது கன்னத்துல குத்திக்கிறேன். இந்த ஒரு வருசந்தான் பாக்கி. முடிக்காம விட்டு, வடிவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அவன் சொன்னதை முட்டாள்தனம் என்று தள்ளக் கந்தம்மாளால் ஆகாது. அவளும் அதையே நம்புகிறவள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் மகள். வழி நெடுகப் பேசாமல் நடந்தாள். பாதையில் எதிரே வந்தவர்கள், கந்தம்மா பேசாமல் போகிறாளே, யார் செத்தது என்று கேட்டார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள். "சாமிகிட்டயே கேட்போம்."

ஊர் முருகன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். மலைச்சாமி வெள்ளரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் மடித்துச் சாமி முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் மதுரைக்குப் போகலாம். சிவப்பு வந்தால் பூசம் முடிகிறவரை போகக்கூடாது. என்ன கேட்கிறோம் என்பதை வடிவிடம் சொல்லாமல் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். பிள்ளை கண்ணை மூடி எடுத்தது.

சிவப்பு.

"சொல்லிட்டாரு" என்றார் மலைச்சாமி. சின்னக்கருப்பன் முகத்தில் ஒரு பெரிய சுமை இறங்கியது தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும்தான் கந்தம்மாளுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. சாகப்போகிறவனுக்கு இவ்வளவு நிம்மதியா?

அவள் சாமியைப் பார்த்தாள். "முருகா, உன்மேல தப்பு இல்ல. நான் கேட்டதுதான் தப்பு. வீடு பத்தி எரியும்போது தண்ணி ஊத்தவான்னு யாராவது பூக்கட்டிக் கேப்பாங்களா? கேக்காமச் செய்யவேண்டியதை உன்கிட்ட வந்து கேட்டுட்டேன். இனிமே கேக்கல. சொல்றேன், கேட்டுக்க. இவரை மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஏ புள்ள, சாமி பேச்சை மீறுறியா?"

அவள் திரும்பினாள். மூத்தவர் முகத்துக்கு நேரே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவர் அவளை முழுசாகப் பார்த்ததே அப்போதுதான்.

"மீறலீங்க பெரிய மச்சான். நேந்தது என்ன? பன்னெண்டு வருசம் இந்த வீட்டிலேருந்து அலகு போகணும். போகும். நான் குத்திக்கிறேன்."

கோயிலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "கந்தம்மா வாய்க்கு வேல் தாங்காது. திண்டுக்கல் பூட்டு வாங்கிட்டு வாங்கப்பா" என்றான் ஒருத்தன்.

"பூட்டு வாங்கினா சாவியை நீயே வச்சுக்க. எனக்கு வேல் போதும்" என்றாள் அவனிடம். பிறகு மறுபடி மலைச்சாமியிடம்: "பிள்ளை அவருக்கு மட்டுமா பொறந்துச்சு? அவரு கவுச்சி தொடாத நாளெல்லாம் நான் தொட்டேனா? அவரு தரையில படுத்தப்ப நான் மெத்தையில படுத்தேனா? வெள்ளனே எந்திரிச்சு அவரு குளிக்கிறதுக்கு முந்தி நான் குளிச்சேன், அவரு சாப்பிட்ட பெறகு அந்த ஒரு வேளைதான் நானும் சாப்பிட்டேன். இந்தக் கார்த்திகையிலேருந்தும் அப்படித்தான் இருக்கேன். பதினோரு வருசமா ரெண்டு பேரு விரதம் இருந்தோம். நீங்க ஒருத்தரைத்தான் பாத்தீங்க."

மலைச்சாமி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவர் வீட்டிலும் ஒருத்தி அப்படித்தானே இருக்கிறாள்.

சின்னக்கருப்பன்தான் கடைசியில் சொன்னான். வலிக்கிற வாயால் மெதுவாகச் சொன்னான். "அவ குத்தினா செல்லும்ணே."

ஒரே ஒரு சொல்தான். அவன் எப்போதும் அப்படித்தான்.

தை மாதம் அவர்கள் பஸ்ஸில் மலை இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மதுரைக்குப் போனார்கள். பாவாவும் கூட வந்தார். அவருடைய தங்கை மதீனா பீவி வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதற்கு ஓர் அடுப்பு வேண்டுமே. முதலில் சொத்தைப் பற்களைப் பிடுங்கினார்கள். பிறகு ஊசிகளை வைத்தார்கள். வெளியே நூல் தொங்க, கன்னம் பூசணிக்காய்போல வீங்க, சின்னக்கருப்பன் கட்டிலில் கிடந்தான். கட்டிலுக்குத் தூரத்தில் தரையில் ஒரு கோடு போட்டிருந்தது. ஊசி இருக்கிறவரை அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் போகக்கூடாது, அதிக நேரம் நிற்கவும் கூடாது என்று நர்ஸம்மா சொன்னார். கண்ணுக்குத் தெரியாத சூடு ஒன்று அந்த ஊசியிலிருந்து வருமாம்.

"பொஞ்சாதி கூடவா போகக்கூடாது?"

"பொஞ்சாதின்னு ரேடியத்துக்குத் தெரியாதும்மா."

கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கந்தம்மாள் புருஷனைப் பார்த்தாள். பதினோரு வருஷம் வேல் தாங்கிய கன்னம். வார்டில் மற்றவர்கள் அனத்தும்போது அவன் சத்தம் இல்லாமல் கிடந்தான். "இவருக்கு ஊசி குத்தும்போது முகம்கூடச் சுளிக்கலே" என்று நர்ஸம்மா வியந்து சொன்னபோது, அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "பழக்கந்தாங்க" என்றாள்.

பூசம் நெருங்கியது. அவள் போகவேண்டும். போக மனசு வரவில்லை. பாவா சொன்னார்: "போய்ட்டு வாம்மா. கோட்டுக்கு இங்கிட்டு நிக்கணும், அவ்வளவுதானே? அதுக்கு நான் போதும். நான் பேசுவேன், அவன் கேப்பான். அவனுக்கு அது பழகின சோலிதானே."

கிளம்புகிற அன்று கோட்டருகே நின்று சத்தமாகச் சொன்னாள். "நீங்க இங்க ஊசி, நான் அங்க வேலு. பூசத்தன்னிக்கு ரெண்டு பேருமே பேச முடியாது. வீடு என்ன அமைதியா இருக்கும் பாருங்க."

அவன் சிரிக்க முயன்று வலியில் கண்ணை மூடினான். பிறகு தலையணைக்கடியில் தடவி விபூதிப் பொட்டலத்தை எடுத்தான். வழக்கமாக அவன் அலகு குத்தப் போகும்போது அவள்தான் அவனுக்கு விபூதித் தட்டை ஏந்துவாள். இப்போது அவன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நர்ஸம்மா சிலுவைச் சங்கிலி போட்டவர். ஒன்றும் கேட்கவில்லை. போய் அவன் கையிலிருந்து வாங்கி, கோட்டைத் தாண்டி வந்து, கந்தம்மாள் நெற்றியில் தானே பூசிவிட்டார்.

பூசத்தன்று சண்முக நதிக்கரையில் பேத்துப்பாறைக் காவடிகள் வரிசையாக நின்றன. கந்தம்மாள் முழுகி எழுந்து, ஈரச்சேலையோடு காவடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். மலைச்சாமி வேலை எடுத்தார். எத்தனையோ ஆண்பிள்ளைகளுக்குக் குத்திய கை. அந்தக் கை பாதியில் நின்றது. தம்பி மனைவி முகத்தை மூத்தவன் தொடுவதா? சுற்றி ஊரே நின்று பார்க்கிறது.

கந்தம்மாளுக்கு அவர் நிலைமை புரிந்தது. ஏதாவது சொல்லித் தைரியம் கொடுக்கலாமா என்று பார்த்தாள். பிறகு, இது பேசுகிற நேரம் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லச் சொல் இருந்தும் அவளாகவே பேசாமல் இருந்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

மலைச்சாமி விபூதியை அள்ளித் தன் நெற்றியிலும் அவள் நெற்றியிலும் இட்டார். விரதக்காரர்களை அழைக்கிற மாதிரியே அழைத்தார்.

"சாமி, வாயைத் திறங்க."

வேல் இடது கன்னத்தில் போனது. அவள் நினைத்ததைவிட வலித்தது. இதையா இந்த மனுஷன் பதினோரு வருஷம் ஒரு சொல் சொல்லாமல் செய்தான் என்று தோன்றியது. காவடி தோளில் ஏறியது. அரோகரா சத்தம் கிளம்பியது. வழியில் அவளுக்கு முருகனிடம் கேட்க ஆயிரம் இருந்தது. வாய் கட்டியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. நடந்தாள். மலைப்படி ஏறும்போது, இந்நேரம் மதுரையில் அந்தக் கன்னமும் இப்படித்தானே எரியும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளை இழுத்துக்கொண்டுபோய் மேலே விட்டது.

மேலே மலைச்சாமி வேலை உருவி விபூதியை வைத்து அழுத்தினார். சொட்டு ரத்தம் வரவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்து, யாரும் கேட்காமலே, "விரதம் சுத்தம்" என்றார். முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துச் சொன்ன அதே குரலில், ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

மறுநாளே அவள் மதுரைக்கு ஓடினாள். ஊசிகளை எடுத்திருந்தார்கள். கோட்டைத் தாண்டலாம் என்றார்கள். தாண்டியவள் கட்டிலருகே உட்கார்ந்து முதலில் செய்தது அவன் கன்னத்தைப் பார்த்ததுதான். அவன் அவள் கன்னத்தைப் பார்த்தான். "வலிச்சுச்சா?" என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினான்.

"எறும்பு கடிச்ச மாதிரி" என்றாள். ரெண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும்.

புண் உடனே போய்விடவில்லை. முதலில் இன்னும் கோரமானது. வெந்த சதை கழன்று, கஞ்சித் தண்ணீரைக்கூட அவள் துணி நனைத்துத்தான் விடவேண்டியிருந்தது. கேழ்வரகை ஊறவைத்துப் பால் எடுத்துக் காய்ச்சினாள். கொள்ளை வேகவைத்து அரைத்து வடிகட்டி, காரம் இல்லாமல் ஒரு துளி நெய் விட்டுக் கொடுத்தாள். "துவையல்னு நெனச்சுக்கிட்டு முழுங்குங்க." குதிரையைப் பழனிக்கு அவளே ஓட்டினாள். பங்குனி வெயிலில் மெதுவாக மெதுவாகப் புண் சுருங்கியது. வைகாசியில் டாக்டரம்மா விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கந்தம்மாள் தோளில் தட்டினார்.

சின்னக்கருப்பன் பிழைத்தான். பழைய முகத்தோடு பிழைக்கவில்லை. இடது பக்கம் இழுத்துக்கொண்டது, வாய் பாதிதான் திறக்கும், உமிழ்நீர் வற்றி எப்போதும் தண்ணீர்ச் சொம்பு பக்கத்தில் வேண்டும். வடிவின் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டை நீட்டியபோது, வாங்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று அவன் தயங்கினான். கந்தம்மாள் தட்டிலிருந்த பாக்கையும் வெற்றிலையையும் எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, "எங்க வீட்டுக்குச் சேர்ந்துருச்சு சம்பந்தி, பேச்சை ஆரம்பிங்க" என்றாள். பாவா கடைக்கு அவன் போகும்போதெல்லாம் பாவா புகையிலைக் கட்டின்மேல் சாக்கை இழுத்து மூடுவார். "ஏலே, உனக்கு உப்பு மட்டுந்தான்" என்பார்.

மாதம் ஒருமுறை வாயைப் பார்க்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒவ்வொரு அமாவாசையும் குளித்ததும் அவனை வெயிலில் நிறுத்தித் தாடையைப் பிடிப்பாள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிறகு பேத்துப்பாறை சுமைக்காரர்கள், மேல்மலைப் பூண்டியிலிருந்து பூண்டு மூட்டை கொண்டுவருகிறவர்கள். வைத்தியம் ஒன்றும் அவளுக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடித்ததும் இல்லை. வெள்ளை பூத்திருக்கிறதா, ஆறாத புண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். இருந்தால், "வெரசா கெளம்பு டாக்டரம்மாகிட்ட" என்பாள். பூசம் வருது, அறுவடை வருது என்று யாராவது இழுத்தால் போதும், அன்றைக்கு அவன் காது ரெண்டும் கிழிந்துவிடும். சிலரைக் கையைப் பிடித்து அவளே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறாள். எல்லோரும் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அவள் சொல்லி நேரத்தோடு போனவர்களில் சிலர் இன்னும் நடமாடுகிறார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருஷம் ஓர் அமாவாசையன்று, சின்னக்கருப்பனுக்குப் பார்த்து முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, மலைச்சாமி வேலியோரமாக நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. புகையிலை அடக்கிய வலது கன்னம் இன்னும் உப்பித்தான் இருந்தது.

"என்ன பெரிய மச்சான்?"

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

"சும்மா வந்தவங்க கன்னத்தை ஏன் கையால மூடிக்கிட்டு நிக்கிறீங்க?"

அவர் கையை எடுத்தார். வெயிலுக்கு வந்தார். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுக் கொப்புளித்தார். ஆனால் வாயைத் திறக்காமல் நின்றார். இத்தனை நடந்த பிறகும் அந்தப் பழைய கூச்சம் போகவில்லை.

கந்தம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சாமி, வாயைத் திறங்க" என்றாள்.

குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்த சின்னக்கருப்பன் பாதி வாயால் சிரித்தான். மலைச்சாமியும் சிரித்துவிட்டார். சிரித்ததில் வாய் திறந்தது. அவள் விடவில்லை, தாடையைப் பிடித்துவிட்டாள்.